மெர்வின் வழுக்கை

ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு வெள்ளிக்கிழமையே பட்டாணியை ஊறப் போட்டோம், நானும் நோலீனும். கிளப் சமையலறையில் இருப்பதிலேயே பெரிய பாத்திரம் அது. நோலீன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பத்தாது ரீட்டா, இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு" என்றாள்.

"எத்தனை பேரு வருவாங்கன்னு நினைக்கிறே நீ?"

"செத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பேரு வந்தாலே இந்தப் பாத்திரம் காணாது."

செத்தவர்களை எடுக்கத்தான் வரப்போகிறார்கள். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பழைய ரக்பித் திடலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரிக்கப் போகிறார்கள். திங்கள்கிழமை இயந்திரம் வருகிறது. சுரண்டிய மண்ணை லாரியில் அள்ளிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் கடலைத் தூர்க்கப் போடுவார்களாம். அந்த மண்ணுக்குள் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் சாம்பலாகக் கிடக்கிறார்கள் என்பது தீர்மானம் போட்டவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவகாசம் கொடுத்தார்கள். அவரவர் ஆள் கிடக்கிற இடத்தில் ஒரு மண்வெட்டி மண் எடுத்துக்கொண்டு போகலாம் என்று.

பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் எங்கள் ஊருக்கு ஊர் என்ற பேரே வந்தது. தங்கம் தோண்ட வந்தவன் தோண்டிவிட்டுப் போய்விட்டான். படிக்க வந்தவன்தான் தங்கினான். படிக்கவா வந்தான்? பாதிப்பேர் ரக்பி ஆட வந்தவன்கள், நடுவில் பொழுது போகாமல் டாக்டராகவும் வக்கீலாகவும் ஆனவன்கள்.

கிளப் சுவரில் முதல் உலக யுத்தத்துக்கு முந்தின அணியின் படம் தொங்குகிறது. ஆட்டம் முடிந்த கையோடு பதினைந்து பேரும் சேர்ந்தே போய்ப் பட்டாளத்தில் பேர் கொடுத்தார்களாம். திரும்பி வந்தவர்கள் நாலு பேர். அதில் அணித்தலைவன் ஒற்றைக் காலோடு வந்தான். கிழவனாகிச் சாகும்போது, "என்னை எரிச்சுச் சாம்பலைத் திடல் நடுக்கோட்டுல போடுங்க. எனக்கு ரெண்டு காலும் இருந்த இடம் அதுதான்" என்று சொல்லிவிட்டுச் செத்தான். அன்றைக்குப் பிடித்த வழக்கம்.

அப்புறம் கருநீலச் சட்டை போட்டு ஆடிய ஒவ்வொருவனுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும், குடும்பத்தார் டப்பாவோடு வருவார்கள். திடல்காரர் புல்லை ஒரு சதுரமாக மண்ணோடு பெயர்த்துத் தூக்குவார். சாம்பலைக் கொட்டி, ஒரு மடக்கு பீரை ஊற்றி, புல்லை மறுபடி மூடி மிதிப்பார்கள். முரட்டு ஆள் என்றால் நடுத்திடல். ஓட்டக்காரன் என்றால் ஓரக்கோடு. பந்தைக் கம்பத்துக்கு உதைக்கிற ஆள்கள் மட்டும் தனி ரகம். ஜெயித்த இடத்தைக் கேட்கமாட்டார்கள். எங்கிருந்து உதைத்துத் தவறவிட்டார்களோ அந்த இடத்தையே கேட்பார்கள். செத்தும் புத்தி போகாது.

நோலீனின் புருஷன் மெர்வ் பர்னெட்தான் அந்தத் திடல்காரர். வாசல் கதவை ஒட்டின வீடு அவர்களுடையது, எதிர்வீடு என்னுடையது. மழை பெய்தால் கவைமுள் கொண்டு குத்திக் குத்தித் தண்ணீரை இறக்குவார். உறைபனி விழுந்தால் காலையில் ஒருத்தரையும் புல்மேல் கால் வைக்க விடமாட்டார். பேராசிரியர் ஒருவரின் நாயைக் கல்லால் அடித்து வழக்குவரை போனது. கட்டின பெண்டாட்டியை அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

அப்பேர்ப்பட்ட திடலில் ஜனங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற மேடையை ஒட்டின கிழக்கு மூலையில் மட்டும் ஒரு டீத்தட்டு அகலத்துக்குப் புல்லே கிடையாது. வெறும் மண். பையன்கள் அதற்கு மெர்வின் வழுக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். கிளப் கூட்டத்தில் வருஷா வருஷம் அந்த மூலையைப் பற்றிக் கேள்வி வரும். "மேடை நிழல் விழுது, என்ன விதை போட்டாலும் வரலை" என்பார். நானே எத்தனை தடவை, "என்ன மெர்வ், ஆனைக்கும் அடி சறுக்குமா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் சிரிப்பார்.

அந்த மூலையில்தான் அவர்கள் மகன் டேரில் கிடந்தான். அந்தக் குடும்பத்திலேயே பல்கலைக்கழகத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் அவன். அப்பன் வெட்டின புல்லில் மகன் ஆடினான். அந்த மூலையில் பந்தோடு பாய்ந்து விழுந்தவன்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். கழுத்து. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டான். இருபது வயசு. அவன் விழுந்த இடத்திலேயே மெர்வ்தான் தன் கையால் புல்லைப் பெயர்த்து அவனை வைத்தார்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் கிளப்பில் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே நோலீன் அந்த மூலைக்குப் போவாள். கொஞ்ச நேரம் நிற்பாள். உதடு அசையும். எலும்பைக் குடைகிற தெற்குக் காற்று ஆளைத் தூக்கினாலும் போகாமல் இருக்கமாட்டாள்.

வெள்ளிக்கிழமை பட்டாணி அலசும்போதே ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினாள். மூடியில் வெளுத்துப்போன ஒரு ரயில் படம்.

"டேரில் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன டப்பா. இதுலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறேன். துறைமுகச் சேத்துல எம்புள்ளையைப் போட விடுவேனா?"

அப்போது மெர்வ் உள்ளே வந்தார். சூடாக ஒரு சீஸ் ரோலைத் தட்டில் வைத்தேன். தொடவில்லை.

"என்ன மனுஷா, புல்லுக்குத் துக்கமா?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை இதெல்லாம் வேணுமா ரீட்டா? அவங்கவங்க மனசுல இருக்கிறது போதாதா? மண்ணைக் கொண்டுபோய் என்ன பண்ணப் போறாங்க?"

"நல்லாருக்கே கதை! உம்ம புள்ளைக்கும் அதே பேச்சுதானா?"

அவர் நோலீன் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். வெளியே போய்விட்டார். புல்வெட்டும் வண்டிச் சத்தம் கேட்டது. மூன்று நாளில் சுரண்டப்போகிற புல்லை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டு நான் சிரித்தேன். நோலீன் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானம் ஈயம் மாதிரி இருந்தது. ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சாக்லேட் டப்பா, பூந்தொட்டி, ஒருத்தர் கையில் வெள்ளிக்கோப்பை. கிளப் தலைவர் பெவன், பல் டாக்டர், கருநீலக் கோட்டு போட்டுக்கொண்டு பேசினார். நூறு வருஷம், தியாகம், பாரம்பரியம் என்று என்னென்னவோ சொன்னார். சூப் ஆறிக்கொண்டிருந்தது எனக்குக் கவலை.

முதலில் வின்னியை விட்டார்கள். எண்பதைத் தாண்டின கிழவி, வாய்த்துடுக்கு அதிகம். அவள் புருஷன் லென் பந்தை உதைக்கிறவன். பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆடின ஆட்டத்தில் கடைசி உதையைத் தவறவிட்டவன். சாகும்வரை அதைச் சொல்லியே அழுதவன். அந்த இடத்தில் மெர்வ் மண்வெட்டியை இறக்கி ஒரு கட்டி எடுத்து அவள் பூந்தொட்டியில் போட்டார். கறுத்த நல்ல மண். மண்ணைப் பார்த்தால் யாருக்கு என்ன தெரியப் போகிறது?

வின்னி தொட்டியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாடா கிழவா, வீட்டுக்குப் போவோம். உன் நாற்காலியில நான்தான் உக்காந்திருக்கேன், எந்திரிச்சு இடம் தர்றேன்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சில பேர் அழுதார்கள். அடுத்தவர் வந்து நின்றார். மெர்வ் நகரவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வின்னி" என்றார். "அதுல லென் இல்ல."

"என்னப்பா சொல்றே?"

"இதுல யாருமே இல்ல. சாம்பல் பட்டா புல்லு கருகிப் போயிரும் வின்னி. வேரையே சுட்டுரும். அந்தக் காலத்துல திடல் பூரா சேறு, யாருக்கும் தெரியலை. தண்ணி வடியக் குழாய் போட்டு, டி.வி.ல ஆட்டம் காட்ட ஆரம்பிச்சப்புறம் திட்டுத்திட்டா மஞ்சளாத் தெரிஞ்சுது. அதனால நீங்க சனிக்கிழமை வச்சுட்டுப் போவீங்க. ஞாயித்துக்கிழமை காலையில நான் எடுத்துருவேன்."

"எடுத்து?"

வடக்குக் கோடியில் வாள் மாதிரி நீள இலை விடுகிற ஃபிளாக்ஸ் புதர் மண்டிக் கிடக்கிற மேட்டைக் கை காட்டினார். வெட்டின புல்லை அவர் கொட்டுகிற இடம் அது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அத்தனை வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது, எதிர்வீட்டில் இருந்த எனக்கே தெரியாது.  எல்லாருமாக அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"குப்பை மேட்டுலயா? எங்கப்பாவைக் குப்பை மேட்டுலயா போட்டே?" பெவன் கோட்டைக் கழற்றிக் கீழே எறிந்தார். அடிக்கவே போய்விடுவார் போலிருந்தது.

"குப்பைன்னு போடலை. குழி வெட்டி, ஒழுங்காத்தான்…"

"யாரு எந்தக் குழின்னு தெரியுமா உனக்கு?"

"மொதல்ல கொஞ்சம் தெரிஞ்சுது. அப்புறம் தெரியலை."

"அப்ப நான் இத்தனை வருஷமா வெறும் மண்ணுகிட்டயா சண்டை போட்டுட்டு இருந்தேன்?" என்றாள் வின்னி. அவள் கேட்ட விதத்தில் ஒன்றிரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. தொட்டியில் இருந்த மண்ணை அங்கேயே கவிழ்த்துவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றாள்.

நோலீன் கிளப் வாசலில் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இன்றுவரை விட்டிருக்கமாட்டேன்.

"எங்க ஆளுங்க எல்லாரும் குப்பையில. உன் சொந்த மகன் மட்டும் அவன் இடத்துல, அப்படித்தானே மெர்வ்?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் நோலீனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்ல. அவனும் அங்கதான்."

நோலீன் படியிறங்கி, திடலைக் குறுக்கே கடந்து, மேட்டை நோக்கி நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். ஃபிளாக்ஸ் இலைகளை விலக்கிக்கொண்டு ஆளுக்கொரு கை மண் அள்ளினார்கள். யாருடைய புருஷனோ, யாருடைய அப்பனோ. சில பேர் அள்ளாமலே காரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நோலீன் சாப்பாட்டு டப்பா நிறைய அள்ளி மூடியை அழுத்தினாள். மெர்வைத் தாண்டித்தான் திரும்பி வந்தாள். நின்றவரை மரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு போனாள்.

பாத்திரம் நிறைய சூப் அப்படியே இருந்தது. அதைக் கீழே ஊற்றும்போது எனக்கு வயிறு எரிந்தது.

இருட்டுகிறவரை சில பேர் பீரோடு திடலிலேயே நின்று மெர்வைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நோலீன் தன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று என் வீட்டுக்கு வந்துவிட்டாள். டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"ரீட்டா, நான் சனிக்கிழமை சனிக்கிழமை நின்னு யாருகிட்ட பேசுனேன்?"

"விடு நோலீன்."

"அவனுக்கு அத்தை செத்த சேதி சொன்னேன். அவன்கூட ஆடுன பையனுக்குக் கல்யாணம்னு சொன்னேன். எனக்குக் கட்டின்னு டாக்டர் சொன்னப்ப, அவங்கப்பனுக்குச் சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்டதான் சொன்னேன். நான் நிக்கிறதை அந்த மனுஷன் பார்த்துட்டேதான இருந்தாரு? அங்க ஒண்ணும் இல்ல, வாடின்னு ஒரு வார்த்தை சொல்லலையே. புல்லு முக்கியமாப் போச்சு. பெத்த புள்ளையைவிடப் புல்லு."

 அவரைத் திட்டினேன். மனசாரத்தான் திட்டினேன். அவளுக்கு இருந்த ஒரே இடமும் போயிற்றே என்று எனக்கு அழுகை வந்தது.

விடிகிற நேரத்தில் ஆலங்கட்டி கூரையில் தடதடவென்று விழுந்தது. அது விட்டதும் வேறு சத்தம். மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று இருட்டிலேயே இயந்திரத்தைக் கொண்டு வந்துவிட்டார்கள். திடலின் மறுகோடியில் ஆற்றோரமாகத்தான் ஆரம்பிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே சேறாகிவிட்டதால் வாசல் பக்கம், மேடையை ஒட்டின மூலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள்.

நானும் நோலீனும் ஜன்னலில் நின்று பார்த்தோம். ஒரு லாரி நிறைந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் போனது. "போகட்டும். அங்கதான் யாரும் இல்லையே" என்றாள் நோலீன்.

அப்போது அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது. மெர்வ் ஓடி வந்தார். தூங்குகிற சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் மண்வெட்டியும் வாளியும். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆலங்கட்டி வெளுத்துக் கிடந்த புல்மேல், ஒருத்தரையும் கால் வைக்க விடாத அந்தப் புல்மேல், கண்மண் தெரியாமல் ஓடினார். இயந்திரத்துக்கு முன்னால் போய் விழுந்தார்.

நோலீன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அப்புறம் என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். நானும் போனேன்.

இயந்திரம் ஓட்டின பையன் ராவிரி, இந்த மண்ணின் ஆதிக்குடியான மாவோரிக்காரன். கீழே குதித்து மெர்வைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியவரே, அடிபட்டுச்சா? சொல்லுங்க பெரியவரே." மெர்வ் காதில் எதுவும் விழவில்லை. மேடை ஓரத்தில் இரண்டடிப் பள்ளம். வழுக்கை இருந்த இடம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஒரு விளிம்பு மட்டும் மிச்சம். அதைக் கையால் பறித்துப் பறித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

நோலீன் பள்ளத்து ஓரத்தில் நின்றாள்.

"மெர்வ். என்ன பண்றே?"

அவர் நிமிரவில்லை.

"இங்கதான் இருந்தானா?"

"இங்கதான். எடுக்கலாம்னு மண்வெட்டியைக் கொண்டுவந்தேன், அவனை வச்ச அந்தக் குளிர்காலத்துல. இறக்க முடியலை நோலீன். இவனை மட்டும் முடியலை."

"அப்ப நேத்து?"

"எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க ஆளுங்களை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, எம்மகனை மட்டும் விட்டு வச்சேன்னு எந்த வாயால சொல்லுவேன்? விடிஞ்சதும் யாருக்கும் தெரியாம வந்து எடுத்துட்டு, உங்கிட்ட கொண்டுவரலாம்னு இருந்தேன். ஆத்தோரம்தான ஆரம்பிப்போம்னு சொன்னானுங்க."

நான் கேட்கக்கூடாது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்த வழுக்கை? இத்தனை வருஷத்துக்குமா சாம்பல் சுடும்?"

"மூணாவது வருஷமே புல்லு வந்துருச்சு ரீட்டா. நான்தான் புடுங்கினேன். வரவர உக்காந்து புடுங்கினேன். மூடிக்கிச்சுன்னா இவ வந்து எங்க நிப்பா?"

அவரை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன். கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு மேடை நிழல் என்று சொன்ன மனுஷன். 

ராவிரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கையைக் கோத்துக்கொண்டு, அவர்கள் பாஷையில் ஏதோ பிரார்த்தனை சொன்னான். சொல்லி முடித்ததும், "போன லாரியை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தான். பேசினான். வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் தலையை ஆட்டினான். கொட்டியாகிவிட்டது.

நோலீன் பள்ளத்துக்குள் இறங்கினாள். மெர்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பறித்தார்கள். வாளியில் பாதிகூட நிறையவில்லை. பழுப்பு மண், நடுவே நடுவே வெளுப்பாக ஏதோ. சாம்பலா, கோடு போடுகிற சுண்ணாம்பா, யார் சொல்வது?

"இதுல அவன் இருக்கானா மெர்வ்?"

அவளுக்குப் பொய் சொல்ல அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. "தெரியலை" என்றார்.

அவள் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். "ரீட்டா, உன் மேசை மேல இருக்கிற டப்பாவை எடுத்துட்டு வா" என்றாள்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். நேற்று மேட்டில் அள்ளின மண். லென்னோ, பெவனின் அப்பனோ, அந்த ஒற்றைக்கால் தலைவனுக்கு அப்புறம் வந்த எவனெவனோ. மூடியைத் திறந்து, அத்தனையையும் வாளியில் இருந்த மண்மேல் கொட்டினாள். விரலால் மெதுவாகக் கலந்தாள்.

"என்னடி பண்றே?" என்றேன்.

"கொஞ்சமாத்தானே இருக்கான்" என்றாள். "தனியா எப்படி ஆடுவான்? கூட ஆளுங்க வேணும்ல."

மெர்வ் அப்போதுதான் அழுதார். மகன் செத்தபோதுகூட அந்த மனுஷன் சத்தம் போட்டு அழுததில்லை. நோலீன் எழுந்து வாளியின் கைப்பிடியில் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கத்தை அவர் பிடிக்கும்வரை நின்றாள். மழை இறங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு திடலைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் வாசலைத் தாண்டுகிறவரை ராவிரி இயந்திரத்தைக் கிளப்பவில்லை.